கரடிக்கு எதிரான பன்னிரண்டு காரணங்கள்

“உள்ளே உயிரோட இருக்கீங்களா?” என்று மனைவி குளியலறைக் கதவைத் தட்டியபோது நான் பன்னிரண்டாவது காரணத்தின் நடுவில் இருந்தேன்.

“இதோ வந்துட்டேன்.”

“தண்ணிச் சத்தமே கேக்கல. முக்கால் மணி நேரமா என்ன பண்றீங்க?”

“யோசிக்கிறேன்.”

“யோசிக்கறதுக்கு ஹால் இருக்கு. நான் குளிச்சுட்டு வேலைக்குப் போகணும்.”

குழாயைத் திறந்துவிட்டேன். தண்ணீர் ஓடும் சத்தத்தின் மறைவில் கடைசி வாக்கியத்தை முடித்தேன். ‘ஆகவே, மேற்கண்ட பன்னிரண்டு காரணங்களால், ஆதலால், எனவே, கரடியைப் பரிந்துரைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும்.’ கைபேசியில் அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். ஒரு தேசத்துக்கு விடுதலை வாங்கிக் கொடுத்த களைப்போடு வெளியே வந்தேன்.

மனைவி என் தலையைப் பார்த்தாள்.

“குளிச்சாலும் நனையாத தலை உலகத்துலயே இது ஒண்ணுதான்” என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

விஷயம் இதுதான். அனிமேஷன் படங்களுக்கு வருடம்தோறும் ஒரு விருது கொடுக்கிறார்கள். அந்த வருடம் விண்மீன்களுக்கு நடுவே ஓடும் ஒரு குதிரையைப் பற்றிய படம் வந்தது. அதன் பிடரியில் மட்டும் ஏழாயிரம் மயிர்கள், ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பறந்தன. எண்ணிப் பார்த்தவர்கள் சொன்னார்கள். எண்ணியவர்களில் நானும் ஒருவன். அந்தக் குதிரையைப் பட்டியலில் சேர்க்கவில்லை. அதற்குப் பதிலாக, குடை ரிப்பேர் செய்யும் ஒரு குண்டுக் கரடியைச் சேர்த்திருந்தார்கள்.

ரசிகர்களுக்கென்று இணையத்தில் ஒரு சபை உண்டு. அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. ஈரத்துணி என்று ஒருவர். இடிமுழக்கம் என்று ஒருவர். நான் தராசு முள். அலுவலகத்திலும் எனக்கு அதே வேலைதான். எடை அளவு ஆய்வாளன். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை வைப்பேன். முள் ஒரு நூல் சாய்ந்தாலும் விடமாட்டேன். கரடி விஷயத்தில் முள் ஒரு முழமே சாய்ந்திருந்தது. நான் எப்படி விடுவேன்?

பட்டியல் வந்த அன்றே தீர்மானித்துவிட்டேன். இந்த உலகத்தில் நீதி என்று ஒன்று இருந்தால், அது என் குளியலறையிலிருந்து புறப்படட்டும் என்று.

கரடியின் பெயர் வந்தது ஒரே ஒரு காட்சிக்காக. ஞாயிற்றுக்கிழமைப் பகலில் கரடி சமையலறைக்குள் திருட்டுத்தனமாக நுழைந்து, பிஸ்கட் டப்பாவைத் தேடி எடுத்துத் தின்றுவிட்டுத் திரும்புகிறது. இரண்டு நிமிடம் பதினோரு நொடி. அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மேய்ந்திருந்தேன். மூன்றாவது காரணம்: கரடியின் நடை இயற்கைக்கு மாறான வேகத்தில் இருக்கிறது. ஏழாவது காரணம்: ஒரு டப்பாவின் மூடியைத் திறக்க நாக்கைத் துருத்தவேண்டிய அவசியம் எந்த உயிரினத்துக்கும் இல்லை. ஒன்பது: காலடிச் சத்தம் கேட்டதும் கரடி டப்பாவை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு கூரையைப் பார்க்கிறது, இவ்வளவு அசட்டுத்தனம் ஜீவராசிகளில் கிடையாது. பன்னிரண்டாவது காரணம்தான் பிரம்மாஸ்திரம். போகிற போக்கில் கரடி திடீரென்று நம்மைப் பார்த்துப் பல்லைக் காட்டிக் கையசைக்கிறது. யாருக்கு? எதற்கு? கலையின் அடிப்படை இலக்கணமே தெரியாதவர் செய்த வேலை.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கூச்சத்தில் தள்ளிப்போட்டுவிட்டேன்.

என் மனைவி அனிமேட்டர்.

வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு வேலை செய்து கொடுக்கும் ஒரு ஸ்டுடியோவில் பதினான்கு வருடமாக இருக்கிறாள். படம் வெளியாகும் வரை எந்தப் படம் என்று வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கிவிடுவார்கள். வெளியான பிறகு சொல்லலாம். ஆனால் யாராவது கேட்க வேண்டும். நான் கேட்டதில்லை. எனக்கு நேரமில்லை. நான் அவளுக்கு அனிமேஷன் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

“அசைவுல உயிர் வேணும்” என்பேன்.

“ம்” என்பாள், துணி மடித்துக்கொண்டே.

“கால் தரையில பட்டா எடை தெரியணும். எடையைப் பத்தி எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்ல.”

“ம்.”

“நீ ஏதோ கையைக் காலை அசைக்கறே. அது வேலை. நான் சொல்றது கலை.”

“அந்தப் பக்கத்து நுனியைப் பிடிங்க” என்பாள். போர்வையின் நுனியைப் பிடிப்பேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். குதிரையைத் தியேட்டரில் பதினோரு முறை பார்த்தேன். கரடியை ஒரே முறை. மதிய இடைவேளையில், அலுவலக மேஜைக்கு அடியில் கைபேசியை வைத்துக்கொண்டு, ஒன்றரை மடங்கு வேகத்தில். முழுசாகவும் இல்லை.

மனு சபையில் பற்றிக்கொண்டது. முதல் நாள் ஆயிரம் கையெழுத்து. இரண்டாம் நாள் இடிமுழக்கம் என்னைத் ‘தலைவா’ என்று விளித்தார். ஈரத்துணி மட்டும், ‘கரடி பாவம்’ என்று ஒரு வரி எழுதினார். அவரைப் பிழிந்து காயப்போட்டோம். நாலாவது நாள் நாலாயிரம் கையெழுத்து. மனு விருதுக் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆறாவது நாள் மாலை மனைவி வேலையிலிருந்து வந்தாள். கைகால் கழுவிக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

“ஒரு விஷயம். சிறந்த பாத்திர அசைவுல என் பேர் வந்திருக்கு.”

“எந்தப் பாத்திரம்? நேத்து நான்தானே எல்லாத்தையும் கழுவிக் கவுத்து வச்சேன்?”

“அந்தப் பாத்திரம் இல்லீங்க. கதாபாத்திரம். விருது. முதல் பட்டியல்ல படத்தோட பேர் மட்டும்தான் போடுவாங்க. யார் பண்ணினதுன்னு இன்னைக்குத்தான் பேர் வந்துது.”

என் கையில் டீ நின்றது.

“குதிரையில நீ எப்போ வேலை பாத்தே?” என்றேன். குதிரை பட்டியலிலேயே இல்லை என்பதற்காக ஆறு நாள் போராடியவன் கேட்ட கேள்வி இது.

“குதிரை யார் சொன்னா? கரடி.”

“எந்தக் கரடி?”

“ஊர்ல எத்தனை கரடி இருக்கு? குடைக் கரடி. அந்த சமையலறைக் காட்சி முழுக்க நான் ஒருத்திதான் பண்ணினேன். எட்டு மாசம். நொடிக்கு இருபத்து நாலு படம்.” கொஞ்சம் நிறுத்தினாள். “பதினாலு வருஷத்துல முதல் தடவையா என் பேர் மட்டும் தனியா வந்திருக்குங்க. மத்த படத்துல எல்லாம் கடைசியில ஓடற முந்நூறு பேர்ல ஒருத்தி. அது ஓடறப்ப லைட்டைப் போட்டுடுவாங்க. ஜனங்க குனிஞ்சு செருப்பைத் தேடிட்டு இருப்பாங்க.”

பதினோரு முறை குனிந்து செருப்பைத் தேடியவன் நான்.

“ஆனா அந்தப் பேரும் நிக்குமான்னு தெரியல” என்றாள். “எவனோ மனு போட்டிருக்கான். இந்த மாதிரி எந்த உயிரினமும் நடக்காது, கண்ணை மூடிட்டு இஷ்டத்துக்கு அசைச்சிருக்காங்கன்னு. நாலாயிரம் பேர் கையெழுத்து. குழு பத்து நாள் குடுத்திருக்கு. எதையாவது நேர்ல பாத்துப் பண்ணினதா இருந்தா ஆதாரம் காட்டணும். இல்லேன்னா பேரை எடுத்துடுவாங்க.”

“யாராம் அந்தப் பாவி?” என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“தராசு முள்ளாம்.”

“பைத்தியக்காரனா இருப்பான்.”

“அப்படிச் சொல்ல முடியாது. ஆளுக்கு எழுத வருது. நல்ல நடை.”

அந்த நேரத்திலும் எனக்குள் சின்னதாக ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. இதை இங்கே எழுதாமல் விட்டிருக்கலாம்.

“நீ எதைப் பாத்துப் பண்ணினே?” என்று கேட்டேன். பதினான்கு வருடத்தில் அவள் எப்படி வேலை செய்கிறாள் என்று நான் கேட்ட முதல் கேள்வி.

“கரடி மாதிரி ஒண்ணைப் பாத்துத்தான்.”

“மிருகக்காட்சி சாலைக்குப் போனியா?”

“அவ்வளவு தூரம் போகல” என்றாள். எழுந்து உள்ளே போனாள்.

நான் குளியலறைக்கு ஓடினேன். மனுவைத் திரும்பப் பெறுவதாக எழுதினேன். ஒரு நிமிடத்தில் சபையின் விதியை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். மூவாயிரம் கையெழுத்தைத் தாண்டிய மனு சபைக்குச் சொந்தம், போட்டவருக்கு அதில் பாத்தியதை கிடையாது. அந்த விதியை இரண்டு வருடத்துக்கு முன்னால் எழுதிக் கொடுத்தவனே நான்தான். கோழைகள் பின்வாங்கக் கூடாது என்பதற்காக.

‘தலைவா, என்ன ஆச்சு?’ என்று இடிமுழக்கம் கேட்டார்.

‘மறுபடி யோசித்தேன். கரடியிடம் ஏதோ இருக்கிறது’ என்று எழுதினேன்.

‘விலை போய்விட்டான்’ என்றார். அரை மணி நேரத்தில் என்னைச் சபையிலிருந்து நீக்கினார்கள். நீக்கத்துக்கு வாக்கெடுப்பு நடந்தது. எனக்கு ஆதரவாக ஒரே ஒரு ஓட்டு விழுந்தது. ஈரத்துணி.

சும்மா இருப்பவனா நான்? அன்றே ‘அப்பாவிப் பொதுஜனம்’ என்று புதுப் பெயரில் நுழைந்தேன். தராசு முள்ளின் பன்னிரண்டு காரணங்களையும் ஒவ்வொன்றாக மறுத்தேன். என்னை நானே மூடன் என்றேன், அரைகுறை என்றேன், படத்தை ஒழுங்காகப் பார்க்காதவன் என்றேன். எதிராளியைப் பற்றி இவ்வளவு துல்லியமாக எந்த விவாதத்திலும் நான் பேசியதில்லை. ஆனால் காரணங்கள் அசைய மறுத்தன. அவ்வளவு பலமாகக் கட்டியிருந்தேன்.

இடிமுழக்கம் ஒரே வரியில் என்னை மடக்கினார். ‘இந்த ஆள் அந்தக் கரடிக்காரியின் வீட்டுக்காரனாக இருப்பான்.’

அந்தச் சபையில் இத்தனை வருடங்களில் சொல்லப்பட்ட முதல் உண்மை. ‘ஆதாரமில்லாத அவதூறு’ என்று பதில் எழுதினேன்.

குழு கொடுத்த பத்து நாளில் எட்டு போய்விட்டது. அலுவலக வேலை ஓடவில்லை. ஒரு மளிகைக் கடையில் தராசைச் சோதிக்கும்போது இரண்டு கிலோ படிக்கல்லை வைத்துவிட்டு ஒரு கிலோ என்று எழுதிவிட்டேன். “சார், நீங்களே இப்படிச் செய்யலாமா?” என்று கடைக்காரர் கேட்டார். நான் இல்லை, எவனோ மனு போட்டவன் என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன்.

ஒன்பதாவது நாள் காலை. அப்பாவிப் பொதுஜனம் ஏழாவது காரணத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நாக்கைத் துருத்துவது இயற்கைதான் என்று எப்படி நிறுவுவது? மனைவி சில காகிதங்களோடு வந்து நின்றாள்.

“இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க.”

“எங்கே?”

“மூணு இடத்துல. அடியில. படிச்சுட்டுப் போடுங்க.”

“உன்னை நம்பாம நான் யாரை நம்பப் போறேன்?” என்றேன். அதைச் சொன்னபோது ஒரு உத்தமக் கணவனின் இளகல் என் குரலில் எனக்கே கேட்டது. ஒரு கையில் கைபேசி, மறு கையில் பேனா. மூன்று இடத்திலும் போட்டேன். படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று வாரத்துக்கு இருபது கடைக்காரர்களை எச்சரிக்கிறவன் நான்.

“நிஜமாவே படிக்கலையா?” என்றாள்.

“நம்பிக்கைன்னா அதுதான்.”

“சரி” என்று காகிதங்களைத் தட்டிச் சேர்த்துக்கொண்டு போனாள்.

பத்தாவது நாள் மதியம், அலுவலக மேஜைக்கு அடியில் சபையைத் திறந்தேன். விருதுக் குழு ஆதாரத்தை வெளியிட்டிருந்தது. ஒரு வீடியோ. திரை இரண்டாகப் பிரிந்திருந்தது. வலது பக்கம் கரடி. இடது பக்கம் ஒரு சமையலறை. எனக்கு மிகவும் பழக்கமான சமையலறை. பனியனும் அரைக்கால் சட்டையும் போட்ட ஒரு குண்டு மனிதர் பூனை போல் நடப்பதாக நினைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

இந்த முறை சரியான வேகத்தில் பார்த்தேன்.

இடது கால் வெளிப்பக்கம் ஒரு வீசு. கரடிக்கும் அதே வீசு. ஒவ்வொரு அடிக்கும் வயிறு அரை நொடி தாமதமாக வந்து சேர்ந்தது. இரண்டு வயிறும். மூன்றாவது தட்டில் டப்பா கிடைத்தது. மூடி வரவில்லை. நாக்கு வெளியே வந்தது. இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. காலடிச் சத்தம் கேட்டது. இருவரும் டப்பாவை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு கூரையைப் பார்த்தோம்.

பிறகு இடது பக்கத்து மனிதர் நேராக என்னைப் பார்த்தார். பல்லைக் காட்டினார். கையசைத்தார். “மச்சினி, சௌக்கியமா?” என்றார்.

அப்போதுதான் விளங்கியது. எட்டு மாதம், ஞாயிற்றுக்கிழமைதோறும், கைபேசியை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்திருப்பாள். கேட்டால், “தங்கச்சிகிட்ட பேசிட்டிருக்கேன்” என்பாள். ஒரு மச்சினி இருக்கும் இடத்தில் குசலம் விசாரிக்காமல் போகக் கூடாது என்று, நான் எட்டு மாதமும் தவறாமல் கையசைத்திருக்கிறேன்.

வீடியோவுக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: ‘படத்தில் உள்ளவரின் எழுத்துபூர்வமான சம்மதத்தோடு வெளியிடப்படுகிறது.’

மூன்று கையெழுத்து.

சபையில் எல்லாரும் வீடியோவைப் பார்த்தார்கள். பிறகு கையெழுத்துகள் உதிரத் தொடங்கின. நாலாயிரம் மூவாயிரமாகி, அறுநூறாகி, மாலைக்குள் பதினேழாகிவிட்டது. கடைசியில் இடிமுழக்கம் எழுதினார்: ‘கரடிக் கலைஞரிடம் இச்சபை மன்னிப்புக் கேட்கிறது. இப்படி ஒரு உயிரினம் இருப்பது எங்களுக்குத் தெரியாது.’

மனைவியின் பெயர் பட்டியலில் நின்றது.

வீட்டுக்கு வரும் வழியில் நடக்கவே பயமாக இருந்தது. இடது காலை வீசாமல் வைக்க முயன்றேன். எதிரே வந்த ஒரு பெண்மணி, காலில் அடிபட்டதா என்று விசாரித்தார்.

மனைவி தன் அறையில் இருந்தாள். சின்ன அறை. ஒரு மேஜை, வரைகிற பலகை, முகபாவம் பார்த்துக்கொள்ள ஒரு கண்ணாடி. விடுமுறை எடுத்திருந்தாள் போலிருக்கிறது. கைபேசியை மேஜை விளக்கின் தண்டில் சாய்த்து வைத்திருந்தாள். பதினான்கு வருடத்தில் அந்த அறைக்குள் நான் போனது மின்விசிறி மாட்ட ஒரு முறை, கழற்ற ஒரு முறை.

“ஒண்ணு சொல்லணும்” என்றேன்.

“சொல்லுங்க.”

“அந்தத் தராசு முள் இருக்கானே…”

“ம்.”

“அது வந்து… நான்தான்.”

“தெரியும்.”

“தெரியுமா? எப்போலேர்ந்து?”

“மனு வந்த அன்னைக்கே. ‘ஆகவே’, ‘ஆதலால்’, ‘எனவே’ மூணையும் ஒரே வாக்கியத்துல போடறவர் உலகத்துல எத்தனை பேர் இருக்க முடியும்? எழுதினாலும் சரி, எழுந்து போனாலும் சரி, உங்க நடை எனக்குத் தெரியாதா?”

“அப்போ ஏன் ஒரு வார்த்தை சொல்லல?”

“நீங்க கேக்கலையே.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மணி என்ன என்று கேட்டவருக்குச் சொல்வதுபோல் சொன்னாள்.

“பேர் போயிருந்தா?” என்றேன்.

“போயிருக்கும்.”

“எட்டு மாசத்து வேலை.”

“பதினாலு வருஷத்து வேலை” என்றாள்.

எனக்குக் கை வைக்க இடம் தெரியவில்லை. கதவுப் பிடியில் வைத்தேன். எடுத்தேன். மூக்கைத் தொட்டேன். சட்டைப் பையில் விட்டுப் பார்த்தேன், பையின் வாய் தைத்து மூடியிருந்தது. தலை தானாகக் குனிந்தது. கட்டைவிரலால் தரையில் ஏதோ கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

“தப்புதான்” என்றேன். “படத்தை நான் சரியாக்கூடப் பாக்கல. உன்கிட்ட ஒரு நாள்கூடக் கேக்கல. நாலாயிரம் பேரைக் கூட்டி உன் பேரையே அழிக்கப் பாத்தேன். என்ன வேணாலும் திட்டு.”

அவள் திட்டவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. விளக்குத் தண்டில் சாய்ந்திருந்த கைபேசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தங்கச்சி லைன்ல இருக்காளா?” என்றேன்.

“இல்ல. அடுத்த படத்துல வெக்கப்படற காண்டாமிருகம் ஒண்ணு இருக்கு. மூக்கைத் தொட்டீங்களே, அதுலேர்ந்து மறுபடி ஒருதரம் பண்ணுங்க. முகம் இருட்டா விழுந்திருக்கு.”

நான் ஜன்னல் திரையை ஒதுக்கிவிட்டு, வெளிச்சத்துக்குள் வந்து நின்றேன்.